முருகப்பா போன்ற குழுமங்கள் மற்ற கம்பெனிகளை வாங்கியே எப்படி வளர்கின்றன?

புதிதாக ஆலை கட்டினால் நிலம், உரிமம், ஆட்கள், வாடிக்கையாளர் என எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். நடக்கிற கம்பெனியை வாங்கினால் இவை சேர்ந்தே வந்துவிடும். சென்னையின் முருகப்பா குழுமம் 1981இல் ஈஐடி பாரி என்ற பழைய கம்பெனியை வாங்கியபோது அது நஷ்டத்தில் தவித்துக்கொண்டிருந்தது. ஆனால் 1788இல் தொடங்கிய பெயர், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, கோரமண்டல் உர நிறுவனத்தில் பாரிக்கு இருந்த பங்கு எல்லாம் கைக்கு வந்தன. எனக்கு அந்த உரப் பங்குதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. இன்று குழுமத்தின் தூண்களில் கோரமண்டலும் ஒன்று.

அப்புறம் 2020. நிதி முறைகேடு வெளியாகி, கடனில் மூழ்கியிருந்த சிஜி பவர் என்ற மின்சாதனக் கம்பெனியில், முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் சுமார் 700 கோடி ரூபாய் போட்டுப் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. மோட்டார், டிரான்ஸ்பார்மர் தயாரிப்பில் அந்தக் கம்பெனி கெட்டிதான். சரிந்திருந்தது நிதி நிர்வாகம். வங்கிகளும் கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன.