ஸ்டோர் ரூம் பதில்கள்: பாரிஸில் முட்டை பற்றாமல் போன கதை

(ஹோட்டல், கேட்டரிங் ஸ்டோர்களில் முப்பது ஆண்டுகள் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த வாரம் ஒலிம்பிக் பந்தி.)

பாரிஸ் ஒலிம்பிக்கில் வீரர்களுக்கு முட்டை பற்றவில்லையாமே? எங்கள் ஊரில் அரைமணி நேரத்தில் ஒரு லாரி ஏற்றிவிடுவோம்! (நாமக்கல் வாசகர்)

நாமக்கல்லிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். 2024இல் நடந்தது இதுதான். வீரர்கள் குடியிருப்பில் ஒரே நேரத்தில் 3,300 பேர் உட்காரும் உணவகம். ஒரு நாளைக்கு 40,000 சாப்பாடு வரை போட வேண்டும். தொடக்க நாட்களிலேயே முட்டையும் கோழியும் போதவில்லை என்று பிரிட்டன் அணி வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தங்களுக்கென்று இன்னொரு சமையல்காரரை ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டது. அமைப்பாளர்கள் அவசரமாக 700 கிலோ முட்டையும் ஒரு டன் இறைச்சியும் கூடுதலாக இறக்கினார்கள்.

700 கிலோ என்றால் மலைப்பாக இருக்கும். முட்டை 60 கிராம் என்று வையுங்கள், பதினோராயிரத்துச் சொச்சம்தான். ட்ரேக்கு முப்பது என்ற உங்கள் கணக்கில் 390 ட்ரே. அந்தக் குடியிருப்பில் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலே தீர்ந்துவிடும். ஐரோப்பாவில் முட்டை உற்பத்தியில் முன்வரிசையில் நிற்கும் நாட்டுக்கு இது ஒரு சரக்கே இல்லை. முட்டை, பால், இறைச்சி முழுக்க பிரான்ஸில் விளைந்ததாகவே இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். காய்கறி, பருப்பு வகைகளைக் கூட்டியதால் முட்டை குறைவாகப் போகும் என்று நினைத்துவிட்டார்கள் என்பது என் ஊகம். அதாவது சரக்கு தப்பவில்லை, பசிக் கணக்குதான் தப்பியது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு கபடிப் போட்டிக்குக் காலையில் ஆளுக்கு இரண்டு முட்டை என்று இண்டென்ட் (ஸ்டோருக்கான தேவைச் சீட்டு) போட்டேன். கல்யாண வீட்டுக் கணக்கு அது. ஏழரை மணிக்கெல்லாம் ட்ரே காலி. ஒரு பையன் ஆறு முட்டை தின்றுவிட்டு, மஞ்சள் கருவை மட்டும் ஓரமாக அடுக்கி வைத்திருந்தான். அன்றைக்குத் தெருத்தெருவாக மளிகைக் கடை ஏறி இறங்கியதை இப்போதும் மறக்க முடியவில்லை.

‘உள்ளூர் உணவு’ என்கிறார்களே, எத்தனை கிலோமீட்டர் வரை உள்ளூர்? (குன்னூர் வாசகி)

ஆளுக்கு ஒரு அளவுகோல். பாரிஸ்காரர்கள் 250 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். மொத்தச் சரக்கில் 80 சதவீதம் பிரான்ஸிலிருந்தும், கால் பங்கு இந்த 250 கிலோமீட்டருக்குள்ளிருந்தும் வர வேண்டும். 30 சதவீதம் ரசாயனமில்லாமல் விளைந்திருக்க வேண்டும். இதெல்லாம் இலக்கு. நம் ஊரில் அதே கயிற்றைச் சென்னையிலிருந்து பிடித்தால் சிதம்பரம் வரை வரும். உங்கள் மலைக் கேரட் தோற்றுவிடும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எதைச் சமைக்கிறோம் என்பதுதான் பெரிய கணக்கு. பக்கத்துப் பண்ணை மாட்டிறைச்சியைவிட, தூரத்திலிருந்து கப்பலில் வந்த பருப்பு பூமிக்கு எவ்வளவோ லேசான பாரம். பிரான்ஸில் ஒரு சாப்பாட்டுக்குச் சராசரியாக 2.3 கிலோ கரியமில வாயு என்று கணக்கிட்டு, அதை 1 கிலோவுக்கு இறக்கப் பார்த்தார்கள். அதனால்தான் பார்வையாளர்களுக்கான சாப்பாட்டில் 60 சதவீதம் சைவம். போட்டி நடந்த இடங்களில் ஒன்றான கான்கார்ட் சதுக்கத்தில் பார்வையாளர்களுக்கு முழுக்கவே சைவம். இறைச்சி இல்லாமல் சாப்பாடா என்று கேட்கும் ஊரில் இதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்தான்.

ஒலிம்பிக் கொள்முதலில் தரச் சான்றிதழ் கேட்டால் பெரிய கம்பெனிகள்தானே உள்ளே வரும்? எங்களைப் போன்ற சிறு விவசாயிக்கு வழி உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இதில் எனக்குப் பிடித்தது லண்டன் 2012. மொத்தம் 1 கோடியே 40 லட்சம் சாப்பாடு. அதற்கான கொள்முதல் கொள்கையை 2009 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டார்கள், போட்டிக்கு இரண்டரை வருடம் முன்னால். டெண்டர் போட்டுக் கோழியை முட்டையிட வைக்க முடியாது; பண்ணைக்காரருக்கு அந்த அவகாசம் வேண்டும்.

இன்னொன்று, தரத்தை இரண்டு படியாக வைத்தார்கள். கீழ்ப்படி கட்டாயம். அங்கே ‘ரெட் டிராக்டர்’ என்று ஒரு பண்ணைத் தர முத்திரை உண்டு. பிரிட்டனில் ஏராளமான பண்ணைகள் ஏற்கெனவே அதை வாங்கி வைத்திருந்தன. முட்டை என்றால் கூண்டுக்கு வெளியே வளர்ந்த கோழியுடையது. மேல்படி, முடிந்தவர்கள் ஏறலாம் என்ற ரகம். வெளிநாட்டிலிருந்து வரும் வாழைப்பழம், டீ, காபி, சர்க்கரைக்கு, விளைவித்தவருக்கு நியாயமான விலை போனதைக் காட்டும் நியாய வணிக (ஃபேர்ட்ரேட்) முத்திரை கேட்டார்கள். லண்டனில் வாழை எங்கே விளையும்?

எடுத்த எடுப்பிலேயே மேல்படியைக் கட்டாயமாக்கியிருந்தால் நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கும். அதற்காகத் தனி விவசாயி ஒருவர் நேரே போய் ஒலிம்பிக்குக்குச் சரக்குப் போட முடியுமா என்றால், முடியாது. காலை நாலு மணிக்கு ஒரே சீரான சரக்கு, தினமும், பில்லோடு வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு பில்லில் வந்தால் பேச்சுவார்த்தைக்காவது கூப்பிடுவார்கள்.

மிச்சமாகும் சாப்பாட்டை என்ன செய்கிறார்கள்? (மதுரை வாசகி)

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஸ்டோர் பக்கமே விடாமல் என்னை எச்சில் வாளி பக்கத்தில் நிற்க வைத்தார் எங்கள் மேனேஜர். எது திரும்பி வருகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். உப்புமாதான் அதிகம் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

டோக்கியோவில் அப்படி ஒருவர் நிற்கவில்லை போலிருக்கிறது. 2021இல், கொரோனா காரணமாகப் பார்வையாளர்களே இல்லை, தன்னார்வலர்களும் குறைந்துவிட்டார்கள். ஆர்டர் மட்டும் குறையவில்லை. ஊழியர்களுக்கென்று வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலங்களில் சுமார் 1,30,000 வீணாயின. அமைப்புக் குழு மன்னிப்புக் கேட்டது. குப்பைக்குப் போன பிறகு, அந்தப் பொட்டலத்து மீனும் அரிசியும் எந்தத் தர முத்திரையோடு வந்திருந்தாலும் என்ன?

ரியோ 2016இல் வேறு மாதிரி. இத்தாலியச் சமையல் கலைஞர் மாசிமோ பொத்தூராவும் பிரேசிலின் டேவிட் ஹெர்ட்ஸும் லாப்பா பகுதியில் ஒரு கூடம் திறந்து, மிஞ்சிய காய், பழம், ரொட்டியை வாங்கி இரவில் வீடற்றவர்களுக்குப் பரிமாறினார்கள். தட்டேந்தி வரிசையில் நிற்க விடாமல், மேசையில் உட்கார வைத்து, ஹோட்டலைப் போலவே. போட்டி முடிந்த பிறகும் அது தொடர்ந்தது.

பிரான்ஸில் பிரெஞ்ச் ஃப்ரை கிடையாதாமே? (சிவகாசி வாசகர்)

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், வீரர்கள் குடியிருப்பில் மட்டும் கிடைக்கவில்லை. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிகளால் தீ விபத்து வரும் என்று பயம். உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லண்டனில் இதைவிட வேடிக்கை: ஸ்பான்சரான மெக்டொனால்ட்ஸைத் தவிர வேறு யாரும் சிப்ஸ் (ஃப்ரைக்கு அங்கே அதுதான் பெயர்) விற்கக் கூடாது, மீனோடு சேர்த்துத் தந்தால் மட்டும் பரவாயில்லை! பாரிஸில் ஃப்ரைக்குப் பதிலாகப் புகழ் பெற்றது சாக்லேட் மஃபின். நார்வே நீச்சல் வீரர் ஹென்ரிக் கிறிஸ்டியன்சன் அதைத் தின்று தின்று வீடியோ போட்டு, ‘மஃபின் மனிதர்’ என்ற பெயரோடு ஊர் திரும்பினார்.