ஜேபெக்கா, பிஎன்ஜியா? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

கே: ஏற்காடு பகோடா பாயின்ட்டில் எடுத்த படங்களை எதில் சேமிக்கலாம்? (அஸ்தம்பட்டி வாசகர்)

ஜேபெக் (JPEG), அதாவது நுணுக்கங்களைக் கொஞ்சம் விட்டுக் கோப்பைச் சுருக்கும் பட வடிவம். சேமிக்கும்போது கேட்கும் தரம் 100-க்கு 90 போதும். 24 மெகாபிக்சல் படம் அதில் சுமார் 8 எம்பி. ஒரு புள்ளியும் இழக்காத பிஎன்ஜி (PNG) வடிவத்தில் வைத்தால் 35 எம்பி வரை போகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பனிமூட்டப் படமென்றால் மட்டும் தரத்தை ரொம்ப இறக்காதீர்கள், மூடுபனி கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும்.

கே: பின்னணி நீக்கிய கொலுசுப் படத்தைச் சேமித்தால் சுற்றிலும் வெள்ளைப் பெட்டி வருகிறதே? (செவ்வாய்ப்பேட்டை)

பின்னணி இல்லாத படத்துக்கு ஜேபெக்கில் இடமில்லை. பிஎன்ஜியில் சேமியுங்கள்.

கே: வாட்ஸ்அப்பில் வந்த கடை லோகோவை பிஎன்ஜியாக மாற்றித்தான் பேனர் கடையில் கொடுத்தேன். ஆனாலும் மங்கலாக வந்தது. (அம்மாப்பேட்டை)

வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. வாட்ஸ்அப்பில் படமாக வருவது ஜேபெக்தான். ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் அதிகம் கவனிக்காத நுணுக்கங்களைத் தூக்கி எறிகிறது. மரம், முகம், மலை என்றால் அது தெரியாது. எழுத்தும் கோடும் உள்ள லோகோவில் ஓரமெல்லாம் கொசு மொய்த்தது போல அழுக்குப் படியும். அதற்கு மேல் வாட்ஸ்அப் படத்தின் அளவையும் சுருக்குகிறது. பிறகு நீங்கள் பிஎன்ஜியாக மாற்றினால், அந்த அழுக்கைத்தான் ஒரு புள்ளி விடாமல் பத்திரமாகக் காப்பாற்றுகிறீர்கள். போனது போனதுதான், எந்த மென்பொருளும் அசலைத் திருப்பித் தராது. வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள், அதையும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். காசு கொடுத்து லோகோ செய்கிறவர்கள் மூலக் கோப்பை வாங்காமல் கடையை விட்டு எழுந்திருக்கவே கூடாது. எத்தனை முறை எழுதினாலும் இதை யாரும் கேட்பதில்லை.

கே: படம் சரியாக வரவில்லை, என்ன செய்ய? (ஓமலூர்)

எந்தப் படம், எதில் திறந்தீர்கள், என்ன கோளாறு? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: விண்ணப்பத் தளம் ஜேபெக் கேட்டது. கோப்பின் பெயரில் பிஎன்ஜி என்பதை அழித்து ஜேபிஜி (ஜேபெக்கின் இன்னொரு பெயர்) என்று மாற்றினேன், ஏற்கவில்லை. (ஆத்தூர்)

பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து ஜேபெக்கைத் தேர்ந்தெடுங்கள். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கே: கல்யாணப் பத்திரிகையை ஆப்செட் அச்சுக்கு பிஎன்ஜியில் தரலாமா? (ஏற்காடு)

வேண்டாம். அச்சின் நான்கு வண்ண முறையை பிஎன்ஜி தாங்காது. அதைத் தாங்கும் டிஃப் (TIFF) அல்லது பிடிஎஃப் கொடுங்கள்.