கேள்வி–பதில்: அரசுப் பள்ளி மோசம் என்று சொல்வது யார்?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் செய்தியைப் பார்த்தாலும் சரி, உறவினர்களிடம் பேசினாலும் சரி, 'அரசுப் பள்ளியெல்லாம் நாசமாகிவிட்டது' என்ற பேச்சுதான். நான் யாரை நம்புவது?

பதில்: உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை இது. அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில் பள்ளிகளைப் பற்றி மக்களிடம் கேட்கிறது. 2023-இல், நாட்டில் பள்ளிக் கல்வியின் தரம் திருப்தி என்றவர்கள் 36 சதவீதம்தான். அதே கணிப்பில் பெற்றோரிடம் 'உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி எப்படி?' என்று கேட்டால் 76 சதவீதம் பேர் திருப்தி என்கிறார்கள். முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகள் நன்றாகப் படிக்க, நாடு மட்டும் எப்படி உருப்படாமல் போகும்?

நம் பிள்ளையின் பள்ளியை நாம் கண்ணால் பார்க்கிறோம், மற்ற பள்ளிகளைச் செய்தியில் பார்க்கிறோம், அவ்வளவுதான் விஷயம். கூரை இடிந்தால் செய்தி, ஆசிரியர் அடித்தால் செய்தி, வருஷம் முழுக்க ஒழுங்காக நடந்த பள்ளிக்கு எந்தத் தொலைக்காட்சி வேன் போகும்? அப்புறம், கருத்துச் சொல்பவர்களில் பலருக்குப் பள்ளி வயதில் பிள்ளையே இல்லை. அவர்கள் மனதில் இருப்பது தாங்கள் படித்த காலத்துப் பள்ளியோ, போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த காணொலியோதான். (எதிர்க்கட்சியாக இருக்கும்போது நாசமான பள்ளி ஆளுங்கட்சியானதும் சொர்க்கமாகிவிடுவது தனிக்கதை.)

அதற்காக உங்கள் திருப்தியையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், கோபிக்காதீர்கள். வாசலில் நின்று பார்க்கிற பெற்றோருக்கு ஆசிரியரின் அக்கறை தெரியும், கழிப்பறை சுத்தம் தெரியும், பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வருகிறதா என்பது தெரியாது. இந்தியக் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏசர் ஆய்வில், 2022-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டும் சேர்ந்த கணக்கு இது.

கேள்வி: என்ன சொன்னாலும் தனியார் பள்ளியில்தானே தரம்?

பதில்: தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் படித்த பெற்றோரும் கொஞ்சம் வசதியும் இருக்கும், அதனால் வருகிற மதிப்பெண்ணையும் சேர்த்துப் பள்ளிக்கே கொடுத்துவிடுகிறோம். ஆந்திரத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் சில ஏழைக் குடும்பங்களுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கொடுத்து, பிள்ளைகளை நான்கு வருஷம் கவனித்தார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட அவர்கள் முன்னேறிவிடவில்லை. இந்தியில் முன்னேறினார்கள், ஏனென்றால் தனியார் பள்ளிகளில் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 2015-இல் வெளியான முடிவு இது. ஆனால் அரசுப் பள்ளிக்காரர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம், அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசு செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குதான்.

கேள்வி: எங்கள் காலத்துப் படிப்பு இப்போது எங்கே இருக்கிறது?

பதில்: உங்கள் காலத்தில் பாதியில் நின்றுபோனவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுத் தேர்வின் சராசரி மதிப்பெண் குறைகிறது என்று பெரிய கூச்சல் எழுந்தது, 1983-இல் அரசு அமைத்த குழுவே நாட்டுக்கு ஆபத்து என்று அறிக்கை கொடுத்தது. பிறகு அந்நாட்டு அரசின் சாண்டியா ஆய்வகத்தினர் அந்த மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிரிவு மாணவர்களின் மதிப்பெண்ணும் அப்படியே இருந்தது அல்லது கூடியிருந்தது. முன்பெல்லாம் தேர்வுப் பக்கமே வராத பிள்ளைகளும் எழுத ஆரம்பித்ததால்தான் மொத்தச் சராசரி இறங்கியிருந்தது.

கேள்வி: அமைச்சர், அதிகாரி, நீதிபதி எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் மறுநாளே எல்லாம் சரியாகிவிடாதா?

பதில்: போட்டுப் பார்த்தாயிற்று. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்குக் கிட்டத்தட்ட இதையே சொன்னது. உத்தரவு காகிதத்தோடு நின்றது.

யாரையும் கட்டாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த நீதிபதி பிடித்த இடம் சரியான இடம். மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரிக்கு நேரடியாகப் போன் போடக்கூடியவர், இவர்கள்தான் முதலில் பிள்ளையை மாற்றுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கும் அதே குறைகள் உண்டு, அவர்கள் சொன்னால் கேட்க ஆளில்லை. பேர் கெடுகிறது, பிள்ளைகள் குறைகிறார்கள், பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுகிறார்கள், இருக்கிற ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார், பேர் இன்னும் கெடுகிறது. முதலில் பொய்யாக இருந்த கருத்து இப்படித்தான் கடைசியில் உண்மையாகிவிடுகிறது. அதனால்தான் 'ஜனங்கள் ஏதோ பேசுகிறார்கள், விடுங்கள்' என்று என்னால் விட முடியவில்லை.

திரும்பி வரவும் செய்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஏசர் கணக்குப்படி கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் இருந்தவர்கள் 2018-இல் 65.6 சதவீதம், கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 72.9. வருமானம் போய், சின்னத் தனியார் பள்ளிகள் பல மூடி, வேறு வழியில்லாமல் வந்தவர்கள் அதில் நிறைய. 2024-இல் பழையபடி 66.8. வந்தவர்களைப் பிடித்து வைக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி எப்போது வருமோ.

கேள்வி: என் மகன் ஆசிரியராகப் போகிறேன் என்கிறான். சந்தோஷப்படுவதா?

பதில்: படுங்கள். அமெரிக்காவில் 2022-இல் பிடிகே என்ற கல்வியாளர் சங்கம் எடுத்த கணிப்பில் தங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு முதல் இரண்டு தரத்தில் ஒன்றைக் கொடுத்தவர்கள் 54 சதவீதம், பல பத்தாண்டுகளில் காணாத உயரம். அதே மக்களிடம் உங்கள் பிள்ளை ஆசிரியராகலாமா என்று கேட்டால் சரி என்றவர்கள் 37 சதவீதம்தான். பள்ளி நன்றாக இருக்க வேண்டும், அங்கே வேலை பார்க்க மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளை போகட்டும்!

கேள்வி: சரி, ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று யாரையும் கேட்காமல் நானே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஆண்டு விழா அன்று போகாதீர்கள், சாதாரண வேலை நாளில் போங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் அது இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டைப் புரட்டுங்கள், வெறும் சிவப்பு டிக் மட்டும் இருக்கிறதா, தப்பைத் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை பணியிடம் காலி, எத்தனை மாதமாகக் காலி என்று கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். அடுத்த கூட்டம் எப்போது என்று தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.