டாரட் எண் சீட்டுகள்: ஏஸ் முதல் பத்து வரை கேள்வி பதில்

டாரட் என்பது சீட்டு எடுத்துப் பலன் பார்க்கும் முறை. அதன் கட்டில் 78 சீட்டு. பெரிய சீட்டுகள் 22, ராஜா ராணி வகையறா 16. மிச்சம் 40-ம் எண் சீட்டுகள். பெரிய சீட்டுகளை எல்லோரும் ஆசையாகப் படிக்கிறார்கள், இந்த 40-ல்தான் தடுமாறுகிறார்கள். வாண்ட்ஸ், கப்ஸ், சோர்ட்ஸ், பென்டக்கிள்ஸ் என்ற நான்கு இனங்களையும் இங்கே கோல், கோப்பை, வாள், காசு என்றே எழுதுகிறேன். படம் என்று சொல்லும் இடத்திலெல்லாம் 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டைத்தான் சொல்கிறேன். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு அது.

கேள்வி: அக்கா, நாற்பது சீட்டுக்கும் அர்த்தம் மனப்பாடம் பண்ணிப் பார்த்தேன், நிக்கவே மாட்டேங்குது. குறுக்கு வழி இருக்கா?

இருக்கிறது. நாற்பது அர்த்தம் வேண்டாம், பதினாலு சொல் போதும். இனத்துக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று.

இனம் என்பது களம். கோல் நெருப்பு: செயல், வேகம், ஆசைப்பட்டு இறங்குவது. கோப்பை நீர்: மனசு, உறவு. வாள் காற்று: யோசனை, பேச்சு, சச்சரவு. காசு மண்: பணம், உடம்பு, வீடு, வேலை.

எண் என்பது அந்தக் களத்தில் காரியம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. ஏஸ், அதாவது ஒன்று, விதை. 2-ல் இரண்டு பக்கம் எதிரெதிரே நிற்கிறது. 3 முதல் விளைச்சல். 4 நிலைத்து நிற்பது. 5-ல் நின்றது குலைகிறது. 6-ல் சமநிலை திரும்புகிறது. 7 சோதனை, ‘இது தேவைதானா’ என்ற கேள்வி. 8 அசைவும் விடாத உழைப்பும். 9 முடிவுக்கு ஒரு படி முன்னால், பெரும்பாலும் தனியாக. 10 அளவு நிரம்பி வழிவது.

ஐந்தில் வைத்துப் பாருங்கள். செயலில் குலைவு என்றால் ஆளுக்கொரு கோலைத் தூக்கி மோதும் ஐந்து பேர். மனசில் குலைவு என்றால் கவிழ்ந்த மூன்று கோப்பைகளையே பார்த்து நிற்கும் கறுப்பு அங்கிக்காரர். பின்னால் கவிழாத இரண்டு இருப்பது அவர் கண்ணில் படவில்லை. பேச்சில் குலைவு என்றால் சண்டையில் ஜெயித்து வாள்களைப் பொறுக்கிக்கொண்டு இளிக்கிறவன், தூரத்தில் தலைகுனிந்து போகிற இருவர். பணத்தில் குலைவு என்றால் விளக்கெரியும் தேவாலய ஜன்னலுக்குக் கீழே பனியில் நடக்கும் இரண்டு ஏழைகள். நான்கிலும் ஒரே குலைவுதான், குலைகிற பொருள் மட்டும் வேறு.

கேள்வி: 4 என்றால் நிலைத்தன்மை, நல்லது என்கிறார்கள். அப்புறம் கோப்பை நாலுக்கு ஏன் சலிப்பு என்று பலன் வருகிறது?

எண்ணுக்கு நல்லது கெட்டது கிடையாது. அந்தக் கட்டம் அந்த இனத்துக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. புத்தகங்கள் விட்டுவிடும் இடம் இது.

நிற்பது என்ற ஒரே விஷயத்தை நான்கு இனத்துக்கும் கொடுத்துப் பாருங்கள். நெருப்பு ஓரிடத்தில் நின்றால் அடுப்பு, விளக்கு, விசேஷ வீடு. கோல் நாலில் நான்கு கழிகளுக்கு மேல் பூமாலைத் தோரணம், பின்னால் கொண்டாடுகிறவர்கள். தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கும். கோப்பை நாலில் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவன், மேகத்திலிருந்து நீளும் நாலாவது கோப்பையை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாளை வேலையில்லாமல் வைத்தால் ஓய்வு: கல்லறை மேல் படுத்த நிலையில் ஒரு வீரனின் சிலை, மூன்று வாள் சுவரில், ஒன்று கீழே. மண் ஏற்கெனவே கெட்டியானது, அதை இன்னும் இறுக்கினால் பிடிவாதம், கஞ்சத்தனம்: தலையில் ஒரு காசு, நெஞ்சோடு அணைத்து ஒன்று, இரண்டு காலடியிலும் ஒவ்வொன்று. காசு நாலுக்காரரால் எழுந்து நடக்கவே முடியாது.

கேள்வி: பத்து விஷயத்தில் எனக்குக் குழப்பம். கோப்பை பத்தும் காசு பத்தும் சந்தோஷம், வாள் பத்தில் முதுகில் பத்து வாள் குத்தியிருக்கு. ஒரே எண்ணா இது?

ஒரே எண்தான். ‘இதற்கு மேல் இடமில்லை’ என்பது பத்து. அன்பு நிரம்பினால் வானவில், கீழே ஆடும் பிள்ளைகள். சொத்து நிரம்பினால் தாத்தா, பேரப்பிள்ளை, இரண்டு நாய் என்று மூன்று தலைமுறை. வேலை நிரம்பினால் முன்னால் பாதை தெரியாமல் பத்துக் கழியைச் சுமக்கும் ஆள். யோசனையும் சொல்லும் நிரம்பினால், வாள் பத்து. ஆனால் அதில் அடிவானத்தைப் பாருங்கள், கறுப்புக்குக் கீழே மஞ்சளாக விடிகிறது. பதினொன்றாவது வாளுக்கு இடமில்லை. மரணம் என்று யாராவது பலன் சொன்னால் நம்பவே வேண்டாம்.

கேள்வி: 3 வளர்ச்சி, விளைச்சல் என்றால் வாள் மூணில் இதயத்தைக் குத்தியிருப்பது எந்த வளர்ச்சி மேடம்?

சூத்திரத்துக்கு மிகவும் முரண்டு பிடிக்கிற சீட்டு இதுதான். கோல் 3-ல் கடலில் போகும் கப்பல்களைக் கவனிக்கிறவர், கோப்பை 3-ல் கோப்பை தூக்கி ஆடும் மூன்று பெண்கள், காசு 3-ல் தேவாலயத்தில் வேலை செய்யும் சிற்பி. மூன்றிலும் விளைச்சல் தெரிகிறது. வாளில் விளைவது உண்மை. இரண்டாம் வாளில் கண்ணைக் கட்டிக்கொண்டு முடிவெடுக்காமல் உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது தெரிந்துவிட்டது, அதனால் வலிக்கிறது. அப்படிப் படித்தால் எண் பொருந்தும்.

படம் வந்த வழி வேறு. 15-ம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் உருவான சோலா புஸ்கா என்ற கட்டில், இதயத்தை மூன்று வாள் துளைப்பது அப்படியே இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன, அடுத்த இரண்டே ஆண்டில் ஸ்மித்தின் கட்டு. கோல் பத்தில் சுமை தூக்குபவரும் அங்கேயிருந்து வந்தவர்தான், ஆனால் அந்தக் கட்டில் அவர் சுமப்பது வாள்கள். ஆகவே எல்லாப் படமும் எண் கணக்கிலிருந்து பிறந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணும் படமும் மோதினால் படத்தின் பக்கம் சாயுங்கள்.

கேள்வி: சாதாரண ரம்மி கட்டில் எண் சீட்டுப் பலன் பார்க்கலாமா?

தாராளமாக. கோல் கிளாவர், கோப்பை ஆட்டின், வாள் இஸ்பேடு, காசு டைமன். நாம் சொல்லும் இஸ்பேடு வாள் என்று பொருள்படும் சொல்லின் வழியில் வந்ததுதான். ஸ்பானிய மொழியில் வாளுக்கு எஸ்பாடா. ஏஸ் முதல் பத்து வரை 40 சீட்டு அப்படியே கிடைக்கும். ஜோக்கரை எடுத்துவிடுங்கள். இரண்டு கட்டைக் கலந்து ஆடுகிற பழக்கம் இருப்பதால் ஒரே சீட்டு இரண்டு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படம் துணைக்கு இல்லாததால் பதினாலு சொல் சூத்திரம் நன்றாகப் பழகும். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகை டாரட் கட்டுகளிலும் எண் சீட்டில் வெறும் கோலும் கோப்பையும்தான்.

கேள்வி: எண் கணிதத்தில் 8 சனி. டாரட்டில் எட்டு வந்தால் தடை, தாமதம் என்று சொல்லலாமா?

வேண்டாம். நம் ஊரில் புழங்கும் நியூமராலஜியில் 1 சூரியன், 2 சந்திரன், 3 குரு, 8 சனி என்று வரிசை. ரைடர் வழி டாரட் எண்களுக்குப் பின்னால் இருப்பது யூத மறைஞானமான கபாலாவின் ஜீவ மரம் என்ற பத்து நிலை வரைபடம். அதில் 3 சனி, 4 குரு, 5 செவ்வாய், 6 சூரியன், 7 சுக்கிரன், 8 புதன், 9 சந்திரன், 10 பூமி. ஐந்து ஏன் எப்போதும் அடிதடி, ஆறு ஏன் வெளிச்சம் என்பதற்கு இது நல்ல விளக்கம். எட்டு புதனுடையது, அதனால் கைவேலையும் நகர்வும். கோல் எட்டில் எட்டுக் கழிகள் காற்றில் பறக்கின்றன. இரண்டு முதல் பத்து வரை மனித உருவமே இல்லாத சீட்டு அதுவும் வாள் மூன்றும்தான். அதற்குப் போய்த் தாமதம் என்று பலன் சொன்னால் நேர் எதிராகிவிடும்.

கேள்வி: ஜாதகம் பார்க்கிறவன் நான். எண் சீட்டுக்கும் ராசிக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, எப்படி?

1888-ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசியச் சங்கத்தின் கணக்கு அது. வெயிட்டும் ஸ்மித்தும் அதில் உறுப்பினர்கள். ஏஸ்களை விட்டால் 36 சீட்டு, ராசிச் சக்கரத்தில் பத்துப் பத்துப் பாகையாக 36 துண்டு. உங்கள் மொழியில் திரேக்காணம். 2, 3, 4 சர ராசிக்கு. 5, 6, 7 ஸ்திர ராசிக்கு. 8, 9, 10 உபய ராசிக்கு. இதே வரிசையில், கோல் மேஷம், சிம்மம், தனுசு. கோப்பை கடகம், விருச்சிகம், மீனம். வாள் துலாம், கும்பம், மிதுனம். காசு மகரம், ரிஷபம், கன்னி.

இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, ஒவ்வொரு துண்டுக்கும் அதிபதியான கிரகம். நீங்கள் அந்த ராசி, அதற்கு ஐந்தாம் ராசி, ஒன்பதாம் ராசி என்று எடுப்பீர்கள். மேஷத்துக்குச் செவ்வாய், சூரியன், குரு. கோல்டன் டான்காரர்கள் செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு என்று சுற்றிக்கொண்டே போவார்கள். அதனால் கோல் 2-ம் 3-ம் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகும், கோல் 4 சுக்கிரனுக்குப் போய்விடும். பூமாலையும் கொண்டாட்டமும் ஏன் என்பது அங்கே விளங்கும்.

இரண்டாவது, அவர்களுடையது சாயனம், அதாவது பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளிலிருந்து ராசியை எண்ணும் முறை. அவர்களின் மேஷம் மார்ச் 21 வாக்கில் தொடங்கும், நம் சித்திரை ஏப்ரல் 14. ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். கோல் எட்டு அவர்களுக்குத் தனுசின் முதல் பத்துப் பாகை, நவம்பர் கடைசி வாரம். உங்கள் பஞ்சாங்கத்தில் அப்போது கார்த்திகை, சூரியன் விருச்சிகத்தில். இரண்டையும் கலந்து தேதி சொன்னால் எந்தப் பக்கமும் நிற்காது.

கேள்வி: பத்துச் சீட்டு விரித்தால் அடிக்கடி ஒரே எண் ரெண்டு வருது. ஏதாவது சேதியா?

பெரிதாக இல்லை. கணக்குப் போட்டால், 78-ல் பத்து எடுக்கும்போது ஏதாவது ஓர் எண் இரண்டு முறையாவது வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 60. ஒரே எண் மூன்று வருவது 100-க்கு 6 தடவைதான், அப்போது நின்று பாருங்கள். மூன்று சீட்டு விரிப்பில் ஒரே எண் இரண்டு வந்தாலே அதே 6. மூன்று ஐந்து வந்தால் மூன்று களத்திலும் ஒரே நேரத்தில் குலைவு; எந்த இனம் வரவில்லையோ அதில் ஊன்றிக்கொள்ள இடம் இருக்கிறது என்று படிக்கலாம்.

பெரிய சீட்டுகளையும் எண்ணால் சேர்க்கிறவர்கள் கவனியுங்கள்: ரைடர் கட்டில் 8 வலிமை, 11 நீதி. மார்செய் கட்டில் இது தலைகீழ்.

கேள்வி: தலைகீழாக வந்தால் எண்ணின் பொருளும் தலைகீழா?

இல்லை. அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது, அல்லது அதிலிருந்து வெளியேறுகிறது. கோப்பை நாலு தலைகீழ் என்றால் மரத்தடிக்காரன் எழுந்திருக்கிறான். ஐந்துகள் தலைகீழாக வந்தால் பெரும்பாலும் தணிவு. ஏஸ் என்றால் விதை இருக்கிறது, முளைக்கவில்லை.

தலைகீழ் அளவுக்கு மீறி வந்தால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். சீட்டைக் கீழிருந்து மேலாகப் புரட்டினால் நேர்ச்சீட்டு தலைகீழாகிவிடும். புத்தகப் பக்கம் போலப் பக்கவாட்டில்தான் திருப்ப வேண்டும்.

கேள்வி: எட்டு வந்தால் எட்டு நாளா, எட்டு மாசமா?

கோலுக்கு நாள், கோப்பைக்கு வாரம் என்று ஆளுக்கொரு வழக்கம். ஒன்றைத் தேர்ந்து, சீட்டு எடுப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். எடுத்த பிறகு அலகை முடிவு செய்தால் அது பலனே இல்லை, சமாளிப்பு.

கேள்வி: என் காசு ஏழில் விவசாயி மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறார். இணையத்தில் பார்த்தால் ‘தோல்வி’ என்று போட்டிருக்கு. எது சரி?

நீங்கள் பார்த்தது தோத் என்ற இன்னொரு டாரட் கட்டில் அந்தச் சீட்டுக்குள்ள பெயர். ஆங்கிலேய மாந்திரீகர் அலெஸ்டர் குரோலிக்காக ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை தீட்டியது. சீட்டிலேயே தலைப்பு அச்சாகியிருக்கும். அங்கே காசு ஐந்து ‘கவலை’, கோப்பை ஆறு ‘இன்பம்’. ரைடரில் கோப்பை ஆறு குழந்தைப் பருவ நினைவு. ரைடரின் காசு ஏழில் ஆறு காசு செடியில், ஒன்று காலடியில். போட்ட உழைப்புக்கு இது போதுமா என்று யோசிக்கிறார். கையில் எந்தக் கட்டு இருக்கிறதோ அதற்கான விளக்கத்தையே படியுங்கள். முதல் ஆறு மாதம் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: பழக ஒரு முறை சொல்லுங்க அக்கா.

நாற்பதையும் பிரித்தெடுத்துத் தரையில் பாய் விரித்து அடுக்குங்கள். மேலிருந்து கீழாக நான்கு இனம், இடமிருந்து வலமாக ஏஸ் முதல் பத்து. 7-க்கு 12 செ.மீ. அளவுச் சீட்டு என்றால் இடைவெளியோடு 85 செ.மீ. அகலம் வேண்டும், சின்ன மேசை பத்தாது. நாளுக்கு ஒரு நெடுவரிசை, அதாவது ஒரே எண்ணின் நான்கு சீட்டு. முதலில் நான்கிலும் பொதுவாக இருப்பதை ஒரு வரியில் எழுதுங்கள், பிறகு எந்தச் சீட்டு அதிலிருந்து விலகுகிறது என்று எழுதுங்கள். பத்து நாளில் முடியும். அடுத்த நான்கு நாள் கிடை வரிசை, ஒரு இனத்தை ஏஸிலிருந்து பத்துவரை கதையாகச் சொல்வது. கோப்பையில் தொடங்குங்கள், அது எளிது. வாளில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே பெரும்பாலோர் சிக்குவார்கள்: சண்டை முடிந்த கையோடு படகில் ஏன் போகிறார்கள், ஆறு வாளையும் ஏன் படகிலேயே குத்தி வைத்திருக்கிறார்கள்? பிடுங்கினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறும். அதை வைத்து ஏழாவது வாளுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒருவன் ஐந்தைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறான், இரண்டை விட்டுவிட்டு.