தடை ஓட்டக்காரியின் அம்மாவுக்கு

கேள்வி: என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நூறு மீட்டர் தடை ஓட்டம் ஓடுகிறாள். உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்கே போகலாம் என்கிறார் கோச். 2023இல் 26 பதக்கம் வாங்கிய இந்தியா 2025இல் 12தான் வாங்கியது. இறங்குமுகத்தில் இருக்கிற போட்டிக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: இறங்குமுகம் என்று சொல்லாதீர்கள் அம்மா. சீனாவின் செங்டூவில் கிடைத்த அந்த 26இல் 14 பதக்கங்கள் துப்பாக்கி சுடுதலில் வந்தவை. 11 தங்கத்தில் 8 அங்கேதான். மனு பாக்கர், இளவேனில் வாலறிவன் என்று முதல் வரிசை ஆட்களே போயிருந்தார்கள். ஆனால் துப்பாக்கி சுடுதல் அங்கே கட்டாய விளையாட்டு இல்லை. நடத்துகிறவர்கள் விரும்பினால் சேர்க்கலாம். 2025இல் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்தபோது சேர்க்கவில்லை. அதைக் கழித்துப் பாருங்கள்: அன்றும் 12, இன்றும் 12.

தடகளத்தில் முன்னேறியே இருக்கிறோம். செங்டூவில் 4 வெண்கலம். ஜெர்மனியில் 3 வெள்ளி, 2 வெண்கலம். மும்முறைத் தாண்டலில் வெள்ளி வாங்கிய பிரவீன் சித்ரவேல் நம் தமிழ்நாட்டுப் பையன்.

உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியது ஜோதி யாராஜியின் ஓட்டம். விசாகப்பட்டினத்துப் பெண், அப்பா செக்யூரிட்டி வேலை பார்த்தவர். செங்டூவில் இதே நூறு மீட்டர் தடை ஓட்டத்தை 12.78 விநாடியில் முடித்தார். கிடைத்தது வெண்கலம்தான், ஆனால் அது தேசிய சாதனை. பாரிஸ் ஒலிம்பிக் தகுதி நேரமான 12.77க்கு நூறில் ஒரு விநாடிதான் பாக்கி! தன்னைவிட வேகமானவர்கள் பக்கத்துத் தடத்தில் ஓடும்போது வருகிற வேகம் அது. உள்ளூர் மைதானத்தில் தனியாக ஓடி அதை எடுக்க முடியாது. அதற்காகவே இந்தப் போட்டிக்குப் போக வேண்டும் என்பேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஜெர்மனிக்குப் போன 12 பேட்மின்டன் வீரர்களில் 6 பேரின் பெயர்கள் சரியாகக் கொடுக்கப்படாததால் அவர்களால் ஆட முடியவில்லை. அணி வெண்கலம் வென்றது; அந்த ஆறு பேரும் வெளியே நின்றார்கள். செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. 31 வருடம் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவன் நான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி ஒன்றில் என் மாணவன் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு நின்றான். அவன் தகுதிப் படிவத்தில் போட்டோ மேல் முத்திரை விழவில்லை. ஓடவிடவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்திருந்தான், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

ஆகவே படிவம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எதைக் கொடுத்தாலும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். படிப்பையும் விடவேண்டாம்: மாணவியாக, அல்லது பட்டம் வாங்கி ஓராண்டுக்குள் இருப்பவராக இருந்தால்தான் அங்கே இடம்.

அடுத்த போட்டி 2027இல், தென்கொரியாவில். அப்புறம், மகளின் நேரத்தை எழுதவில்லையே? முதல் தடைக்கு எத்தனை எட்டு வைக்கிறாள், எந்தக் காலை முன்னால் வீசுகிறாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.