கோடையில் முடிக்க வேண்டிய பொறிவேலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வட ஒன்டாரியோவின் மென்மயிர் வேட்டை (தோலுக்காகப் பொறிவைத்து விலங்கு பிடிப்பது) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதற்கான உரிமப் பயிற்சியை இந்த வசந்தத்தில் முடித்தேன். வரும் குளிர்காலத்தில் ஒரு மூத்த வேட்டைக்காரரின் ட்ராப்லைனில் (அவர் பொறிகள் வைக்கும் தடத்தில்) உதவியாளராகப் போகிறேன். கீரியைப் போன்ற சிறு விலங்கான மார்டெனுக்கு 120 அளவுப் பொறிகள் இரண்டு டஜன், நரிக்குக் கால்பிடிப் பொறிகள் ஆறு, எல்லாம் புதிதாக வாங்கினேன். லாக்வுட் மரச் சாயத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். நிறம் திட்டுத்திட்டாகத்தான் ஏறியது. விரலால் தேய்த்தால் வந்துவிடுகிறது. சாயம் கெட்டதா? அடுத்து எல்லாவற்றையும் மெழுகில் முக்கலாமா? கோடையிலேயே வேறு என்ன செய்து வைக்க வேண்டும்?

ர., சட்பரி

அன்புள்ள ர.,

சாயம் நன்றாகத்தான் இருக்கும். புதுப் பொறிமேல் தொழிற்சாலை எண்ணெய் இருக்கிறது, அதற்கடியில் பளபளக்கும் இரும்பு. லாக்வுட் இரும்பின் துருவோடு சேர்ந்துதான் கறுக்கும். துரு இல்லாத இடத்தில் அது பிடிக்காது. இந்த வேலையைக் கோடையில் தொடங்குவதற்குக் காரணமே துருவுக்குக் கொடுக்க வேண்டிய அவகாசம்தான்.

முதலில் எண்ணெய். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் பொறிகளை அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்தெடுத்த பிறகே பொறியை வெளியே தூக்குங்கள். இல்லாவிட்டால் தூக்கும்போது அதே எண்ணெய் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் இரும்பாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். சோடா அலுமினியத்தை அரிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, புல்மேல் பரப்பிப் பனி படும்படி விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லிய பழுப்புத் துரு படரும். செதில் செதிலாகும்வரை விட்டால் இரும்பு குழிவிழும், பிறகு கம்பித் தூரிகைதான் கதி.

அதன்பின் சாயம். 15 முதல் 20 லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவான லாக்வுட் தூள் போதும். தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை. சிறு கொதியில் ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுதும் அதிலேயே ஆறவிடுங்கள். எடுக்கும்போது ஊதா கலந்த கறுப்பாகத் தெரியும், காய்ந்தால் அடர்ந்துவிடும்.

இனி மெழுகு. நரிக்கான ஆறு பொறிகளுக்கு மட்டும் மெழுகு போடுங்கள். 120 பொறியை மெழுகில் முக்கவே கூடாது. வடமேற்குப் பிரதேசத்து வேட்டைக்காரர் ஃபிராங்க் கானிபேர் உருவாக்கிய வகை அது. உடலை இரு பக்கமும் அறைந்து கொல்லும் அந்தப் பொறியில், விசையின் சிறு வெட்டுக்குள் தாடை உட்கார்ந்திருக்கும் பிடிப்புதான் அதைத் திறந்தபடி நிறுத்துகிறது. அந்த வெட்டில் மெழுகு படிந்தால் பிடி வழுக்கும். மரத்தில் அறையும் பெட்டிக்குள் பொறியை வைக்கும்போதே உங்கள் கைமேல் விழும். சாயம் ஒன்றே அதற்குப் போதும். பெட்ரோலியக் கரைப்பானில் கலக்கும் பொறிவண்ணம் பூசுவோரும் உண்டு. பூசினால் வெட்டைத் துடைத்துவிட்டு, பல வாரம் திறந்த வெளியில் தொங்கவிட வேண்டும். செப்டம்பரில் பூசுவது பிந்திவிட்ட வேலை.

நரிப் பொறிக்கு மெழுகு போடுவது முற்றத்தில், வீட்டைவிட்டுத் தள்ளி. பொறி எலும்புபோல உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அது ஆவியாகிப் பொங்கி, வழிந்த மெழுகு அடுப்பில் விழுந்து பற்றிக்கொள்ளும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பொருத்தமான மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்னொரு தவறு அவசரம். மெழுகின் சூட்டுக்குப் பொறியும் வரும்வரை உள்ளேயே விட வேண்டும். குளிர்ந்த இரும்பில் மெழுகு தடித்து ஒட்டி, பிறகு உரிந்து போகும். சூடேறிய இரும்பில் மெல்லிய படலமாக நிற்கும். மிதிதட்டின் இறுக்கத்தை நரிக்குச் சுமார் 1 கிலோ எடையில் விழும்படி திருகி வைத்தால் அணில் ஏறி நடந்தாலும் விழாது.

மார்டென் இரும்பின் வாடைக்கு அஞ்சும் விலங்கல்ல. நரிதான் அஞ்சும். எனவே 120 பொறிகளின் நிறத்துக்கு மெனக்கெடுவதைவிட அவற்றின் வில்லைப் பாருங்கள். கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 1997இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மார்டெனுக்கான கொல்பொறி அதை 120 நொடிக்குள் மீளாத நினைவிழப்புக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாதிரிகளைச் சோதித்துச் சான்று தருவதும் அந்த அளவில்தான். வில் தளர்ந்த பொறியில் அந்தச் சான்றுக்கு அர்த்தமில்லை. அந்த மூத்தவரின் பழைய பொறிகளையும் உங்கள் புதியவற்றோடு ஒப்பிட்டு அழுத்திப் பாருங்கள். தளர்ந்ததை வயதைப் பார்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும். இதில் தயவு காட்டினால் துன்பப்படுவது விலங்கு.

மார்டென் பொறியை உள்ளே வைக்கும் பெட்டிகளுக்கு இழைக்காத ஸ்ப்ரூஸ் பலகை போதும். 120 பொறி உள்ளே தளர்வாக நுழையும் அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், இரு பக்கமும் வில்லுக்கான வெட்டு. பின்பக்கத்தை அடைத்துவிடுங்கள், இரை அங்கே. பலகை சாம்பல் நிறமாகும்வரை மழையில் கிடக்கட்டும். இலையுதிர் காலத்தில் பொறியில்லாமல் மரத்தில் அறைந்து, சாய்வாக ஒரு கழியும் வைத்து, உள்ளே கொஞ்சம் பீவர் இறைச்சி கட்டிவிட்டால், பருவம் திறக்கும்போது மார்டென் பெட்டிக்குப் பழகியிருக்கும்.

தோலை இழுத்துக் காயவைக்கும் பலகைக்கு பாஸ்வுட் மரம் நல்லது. பைனின் முடிச்சிலிருந்து கசியும் பிசின் தோலில் கறையாகும். மரத்தை ஜூனிலேயே அறுத்து வைத்தால்தான் உலர்ந்து நேராக நிற்கும். பச்சை மரம் முறுக்கிக்கொள்ளும். அளவை நீங்களே வகுக்காதீர்கள். நார்த் பே நகரின் மென்மயிர் ஏலத்தில் தோல்கள் வரையறுத்த அளவுகளில் தரம் பிரிக்கப்படுகின்றன. ஏலம் நடத்துவோரின் அச்சை வாங்கி வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் வயிற்றுப்பக்கம் செருக ஒரு மெல்லிய ஆப்பும் செதுக்குங்கள். காய்ந்த தோல் பலகையை இறுகப் பிடித்திருக்கும். ஆப்பை முதலில் உருவினால்தான் கிழியாமல் கழலும்.

நரிப் பொறியைப் புதைக்கும் குழியை மூட உலர்மண் வேண்டும். சலித்து, கடும் வெயில் நாளில் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பி, பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு எடையில் மெழுகுத் துருவல் தூவிக் கிளறுங்கள். மெழுகு கண்ணுக்குத் தெரியாமல் உருகிய பிறகும் ஆறும்வரை கிளற வேண்டும், விட்டால் கட்டி தட்டும். இந்த மண் நீர் ஏற்காது, ஆகவே உறையாது. உப்பு கலந்தும் உறையாமல் வைக்கலாம், ஆனால் அது இத்தனை பாடுபட்ட பொறியை அரித்துவிடும் என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

விலங்கை வாடையால் ஈர்க்கும் மீனெண்ணெய்க்கும் இந்த வெயில்தான் வேண்டும். மீன் துண்டுகளைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு நிரப்பி, வாயில் நெருக்கமான துணி கட்டி, வெயிலில் சில வாரம் விடுங்கள். இறுக மூடினால் வாயு சேர்ந்து வெடிக்கும். திறந்து விட்டால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மேலே திரளும் எண்ணெயை மட்டும் வடித்தெடுங்கள். ஜாடியைக் கரடிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். அந்த எண்ணெய் பட்ட கையுறையை நரிப் பொறிக்குப் பயன்படுத்த வேண்டாம். நரி பொறியையே தோண்டும்.