வாசகர் கேள்வி பதில்: கூட்டாளி சபைன்னா யாரு?

கேள்வி: அண்ணாச்சி, நான் திருநெல்வேலிக்காரி, இப்ப கிளாஸ்கோவுல நர்ஸா இருக்கேன். இங்க நாங்க போற பிரஸ்பிட்டீரியன் சபைக்கும் ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல பிளான்டயர் நகரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கிராம சபைக்கும் பல வருஷமா பார்ட்னர்ஷிப் இருக்கு. அடுத்த வருஷம் 12 பேர் போய் ரெண்டு வாரம் தங்கி, அங்க ஸ்கூலுக்கு பெயின்ட் அடிச்சு ஒரு அடிபம்பும் போட்டுக் குடுத்துட்டு வரலாம்னு கமிட்டியில முடிவாயிருக்கு. அங்க உள்ள பாஸ்டர் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. வாயத் தொறந்தா நல்ல காரியத்த தடுக்கிறான்னு நினைப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: தங்கச்சி, தாராளமா சொல்லுங்க. முதல்ல அந்த பாஸ்டரோட "சரி"யத்தான் யோசிக்கணும். இத வேணாம்னு சொன்னா அடுத்த வருஷம் எதுவுமே வராதோங்கற பயம் வாங்குற இடத்துல இருக்கிறவங்களுக்கு எப்பவும் உண்டு. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு வெளிநாட்டு சபை எங்க கோயில் காம்பவுண்டுல அடிபம்பு போட்டுக் குடுத்துச்சு, ஜெபம், மாலை, அசன விருந்துன்னு ஊரே கூடுச்சு, அவங்க பேரெல்லாம் பொறிச்சு கல்வெட்டும் வச்சாங்க. ரெண்டே வருஷத்துல உள்ள இருந்த வாசர் தேஞ்சு தண்ணி நின்னுருச்சு. அது அவங்க நாட்டு மாடல், ஜங்ஷன்ல அத்தன கடை ஏறி இறங்கியும் அந்த சைஸ் வாசர் கெடைக்கல. லெட்டர் போடுவோம்னு சேகர கமிட்டியில பேசுனாங்க, குடுத்தவங்க மனசு சங்கடப்படும்னு கடைசி வரைக்கும் போடல. எங்க பெரியம்மா பம்பு கைப்பிடியில ஆட்டக் கட்டிட்டு, குடத்த இடுப்புல வச்சுகிட்டு பழைய கிணத்துக்கே நடந்தாங்க. அந்த கல்வெட்டுல இருந்த பேர் எல்லாம் எனக்கு இன்னைக்கும் மனப்பாடம்.

இது பம்போட குத்தம் இல்ல, கேக்காம செஞ்சதோட குத்தம். நம்ம தெருவுல எல்லாம் நிக்கிற இந்தியா மார்க் 2 பம்பு எதுக்கு வந்துச்சு தெரியுமா, அதுக்கு முன்னாடி போட்டது எல்லாம் ஐரோப்பா அமெரிக்காவுல ஒரு குடும்பம் புழங்குற பம்பப் பாத்து செஞ்சது, இங்க ஊரே வரிசையில நின்னு அடிச்சதும் உடைஞ்சு போச்சு, அதான் 1970கள்ல இந்திய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து இத உருவாக்குனாங்க, இப்ப ஆப்பிரிக்காவுலயும் நிறைய இடத்துல இருக்கு. ஆனா அதுல ரிப்பேர்னா குழாய மேல தூக்குறதுக்கே தனி சாமானும் பழகின மெக்கானிக்கும் வேணும். அந்த கஷ்டத்தப் பாத்துட்டு 1980கள்ல மலாவியிலயும் கென்யாவுலயும் வச்சே உருவானதுதான் ஆஃப்ரிடெவ் பம்பு, ஊர்ப் பொம்பளைங்களே ஒரு ஸ்பேனர வச்சு பிரிச்சு மாட்டிரலாம். அப்ப நீங்க கமிட்டியில கேக்க வேண்டியது இதுதான்: அந்த ஏரியாவுல என்ன பம்பு ஓடுது, சாமான் எந்தக் கடையில கெடைக்கும், தண்ணிக் கமிட்டி இருக்கா, பழுதானா யாரு பாப்பா. பதில் இல்லாம போர் போடாதீங்க.

பெயின்ட் விஷயத்துக்கு வாரேன். பிளான்டயர்ல செயின்ட் மைக்கேல் ஆலயம்னு ஒண்ணு இருக்கு, 1888லேர்ந்து 1891 வரை கட்டுனது. பிளான் போட்ட ஸ்காட்லாந்து மிஷனரி கட்டடக்கலை படிச்சவர் இல்ல, கட்டுன உள்ளூர் ஆளுங்களும் அதுக்கு முன்ன அப்படி ஒண்ணு கட்டுனவங்க இல்ல, ஆனா இன்னைக்கும் கம்பீரமா நிக்குது. அந்த ஊர் மக்களுக்கு சுவத்துக்கு பெயின்ட் அடிக்க கிளாஸ்கோலேர்ந்து ஆள் வரணுமா? 12 பேரோட ஃப்ளைட் டிக்கெட், விசா, மலேரியா மாத்திரை எல்லாத்தயும் ஒரு பேப்பர்ல கூட்டிப் போட்டு, பக்கத்துல அங்க உள்ள பெயின்டரோட கூலிய எழுதிக் காட்டுங்க, வாக்குவாதமே வேணாம்.

போகவே கூடாதுன்னு சொல்லல. போங்க, ஆனா ரெண்டு பேர் போங்க, அவங்க வீட்ல தங்கி அவங்க சாப்பிடுற ன்சீமாங்கற மக்காச்சோளக் களிய சாப்பிட்டு அவங்க பேசுறதக் கேட்டுட்டு வாங்க. அதே மாதிரி அங்கேருந்தும் ரெண்டு பேர உங்க சபைக்குக் கூப்பிடுங்க. ஸ்காட்லாந்துல சபைங்க சுருங்கிட்டு வருது, கோயில் கட்டடத்தயே விக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும், மலாவியில நிலைமை அப்படி இல்ல. அவங்ககிட்ட கத்துக்க உங்களுக்கு எவ்வளவோ இருக்கு.

இத நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் உங்க பக்கத்து ஊர்லயே நின்னு சொல்லிட்டாரு. வெள்ளாளன்விளையில பிறந்து பின்னாடி பிஷப் ஆன அசரியா, 1910 ஜூன்ல எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுல. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிங்க, அதுல ஆசியாக்காரங்க 20 பேர்கூட இல்ல. ஏழைகளுக்கு உங்க பொருளக் குடுத்தீங்க, உங்க உடம்பையே சுட்டெரிக்கக் குடுத்தீங்க, எங்களுக்கு அன்பும் வேணும், நண்பர்களத் தாங்கன்னு கேட்டாரு. அரங்கத்துல சில மிஷனரிங்களுக்கு கோவம். 1971ல கென்யா பிரஸ்பிட்டீரியன் சபைப் பொதுச் செயலாளர் ஜான் கட்டு இன்னும் ஒரு படி மேல போய், கொஞ்ச காலத்துக்கு ஆளும் வேணாம் பணமும் வேணாம், எங்க கால்ல நாங்க நின்னு பாக்குறோம்னு சொன்னாரு. அத நன்றி கெட்ட பேச்சுன்னு நினைக்காதீங்க, சரிக்குச் சமமா உக்கார ஆசப்பட்டவங்க பேச்சு அது.

உங்க கமிட்டிக்கு கடைசியா ஒரு கேள்வி. 2023 மார்ச்ல ஃப்ரெடி புயல் பிளான்டயரையே புரட்டிப் போட்டுச்சே, மண்ணு சரிஞ்சு வீடு வீடா மூடுச்சே, அன்னைக்கு யாராவது அந்த பாஸ்டருக்கு போன் போட்டீங்களா?

கேள்வி: நாங்க உதவுற வெளிநாட்டு சபைகிட்ட கணக்கு கேட்டா நம்பலன்னு ஆயிடாதா? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: ஆகாது, நீங்களும் உங்க கணக்கக் காட்டுனா. வசூல் எவ்வளவு, அதுல உங்க பக்க செலவு எவ்வளவுன்னு அவங்களுக்கும் அனுப்புங்க. அவங்க போடுற பங்கயும் அதே தாள்ல எழுதுங்க, அது பணமா இருக்கணும்னு இல்ல. மிசோரம்ல 1910லேர்ந்து பொம்பளைங்க ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசிய சபைக்குன்னு எடுத்து வைக்கிறாங்க, அத வித்து வர்ற பணத்துல இன்னைக்கும் மிஷனரிங்கள அனுப்புறாங்க. ஒரு காலத்துல வேல்ஸ்காரங்க மிஷன்ல பிறந்த சபைதான் இப்ப இப்படிக் குடுக்கிற சபையா நிக்குது.

கேள்வி: லண்டன்ல இருக்கிற நண்பரோட சபை, எங்க கிராமத்து டியூஷன் சென்டருக்கு எங்க சபை ஐயரோட (பாஸ்டரோட) சொந்த அக்கவுன்ட்டுக்கே பணம் போடுறேங்குது. வாங்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைய ஒழுங்குபடுத்துற எஃப்சிஆர்ஏ சட்டப்படி பதிவு, இல்லன்னா முன் அனுமதி இருக்கிற அமைப்புதான் வாங்கலாம், அதுவும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் அக்கவுன்ட்லதான் வந்து விழணும். 2020 திருத்தத்துக்கு அப்புறம் பதிவு உள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாத்திக் குடுக்கிறதும் கூடாது. மாட்டுனா உங்க ஐயர்தான் பதில் சொல்லணும், பாவம். பதிவு உள்ள டயோசிஸ் (திருமண்டல) ஆபீஸ்ல போய், அவங்களே நேரா இந்த சென்டர நடத்த முடியுமான்னு கேளுங்க. அதுவரைக்கும் டீச்சர் சம்பளத்த உள்ளூர் காணிக்கையில சமாளிக்கப் பாருங்க, பெரிய தொகையா இருக்காது.